முழங்கைக்கு நாலு விரல் கீழே

ராஜபாளையம்,
6.1.2025

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ஐயாதுரைக்கு அக்காள் பரிபூரணம் எழுதுவது. புது வருஷ ஸ்தோத்திரம். இங்கே நான் சுகம். வலது முட்டி மட்டும் சுகமில்லை. அது என்னோடு பேசுவதில்லை, நானும் அதோடு பேசுவதில்லை. அன்னத்தாய் சுகமா? உன் சர்க்கரை எப்படி இருக்கிறது?

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று கேட்காதே. மூன்று வருஷத்துக்கு முன்னால் உன் மாமனார் வீட்டு ஆட்களைப் பற்றி உன்னிடம் மனம் விட்டுப் பேசினேன். நீ போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். அந்த ஆட்கள் சுற்றி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கு வைத்த போன்தான். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆனால் உன் மோட்டார் சைக்கிள் நனையக் கூடாது என்று உன் வீட்டில் நான் வைத்த முன் ஜன்னலை மறைத்துத் தகர ஷீட் இறக்கியிருக்கிறாய். அதைக் கழற்றும்வரை அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். ஆகவே தபால்.

விஷயத்துக்கு வருகிறேன். கட்டடக்கலை சொல்லிக்கொடுக்கிற செலினா என்ற டீச்சர் போன வாரம் என்னைத் தேடி வந்தாள். "இந்தப் பக்கத்துல வீட்டுக்கு பிளான் போட்ட முதல் பெண் நீங்கதான்னு கேள்விப்பட்டோம்மா" என்றாள். "கேள்விப்பட நாப்பது வருஷம் ஆச்சாக்கும்" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

என்னைப் பற்றி அவள் ஒரு புத்தகம் எழுதப்போகிறாளாம். அதற்கு அத்தாட்சி வேண்டுமாம். நான் எங்கே போவேன்? காண்டிராக்டர் ஆபீசில் மற்றவர்கள் போட்ட கோட்டின்மேல் டிரேசிங் பேப்பர் வைத்துக் கோடு இழுக்கிற வேலைக்குப் போனவள் நான். கோடே தப்பாக இருக்கிறதே என்று திருத்தினேன். அங்கே தொடங்கியது. அதற்குப் பிறகு போட்ட பிளான் எல்லாம் என் கை, கையெழுத்து மட்டும் மலைச்சாமி என்ஜினீயருடையது. படிப்பில்லாதவள் கையெழுத்து செல்லாது. காகிதத்தில் நான் கிடையாது. வீட்டில்தான் இருக்கிறேன். அந்த வீடுகளையும் விட்டுவைத்தார்களா? சேத்தூர் வீட்டை இடித்த இடத்தில் மண்டபத்துக்கு வருகிறவர்கள் கார் நிறுத்துகிறார்கள். மகாராஜபுரத்துக்காரர் சமையலறையைப் பூஜை அறையாக்கி, பூஜை அறையைக் குளியலறையாக்கி வைத்திருக்கிறார். சாமி எப்படிப் பொறுத்துக்கொண்டது என்று தெரியவில்லை.

ஒரு கல் மாறாமல் மிச்சம் இருப்பது நீ குடியிருக்கிற வீடு ஒன்றுதான். அதுவும் நான் போட்ட முதல் வீடு. செலினா தன் மாணவிகளோடு அதைப் பார்க்க வருகிறாள், முக்கியமாகச் சமையலறை மேடையை. அம்மி, அடுப்பு எல்லாம் தரையில் கிடந்த காலத்தில் நின்று சமைக்கிற மேடை போட்டவள் நான். அதையும் கண்ணை மூடிக்கொண்டு போடவில்லை. என் முறை உனக்கு நினைவிருக்கும். கடைக்கால் தோண்டும் முன் மனையில் கோலப்பொடியால் முழு வீட்டையும் வரைவேன். வீட்டுக்காரி குடத்தோடும் சட்டியோடும் அதற்குள் ஒரு நாள் வேலை பார்க்க வேண்டும். அவள் கால் எந்தக் கோட்டை மிதிக்கிறதோ அந்தச் சுவரை நகர்த்துவேன். மேடை உயரம், அவள் முழங்கைக்கு நாலு விரல் கீழே. அதற்குமேல் அரைவிரல் கூட நான் அனுமதித்ததில்லை.

உன் வீட்டுக்கு நடந்து பார்த்தவன் நீ. அம்மா இல்லை, உனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. காக்கி பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, கோலப்பொடி வீட்டுக்குள் வெறுங்கையால் தோசை சுட்டாய். எதிர்வீட்டு வெள்ளத்தாய், "ஏலே ஐயாத்துரை, தோசை கருகுதுலே, திருப்பிப் போடு!" என்று கத்த, தெருவே சிரித்தது. நீ நிஜமாகவே திருப்பிப் போட்டாய்.

டீச்சர் வருகிற தேதி பிறகு எழுதுகிறேன். அதுவரை ஒரு ஆணி கூட அடிக்காதே. ஜெபத்தில் என் முட்டியை நினைத்துக்கொள்.

இப்படிக்கு,
அக்காள் பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
24.1.2025

மிகுந்த மரியாதைக்குரிய அக்காவுக்கு, தம்பி ஐயாதுரை (காவல் சிறப்பு உதவி ஆய்வாளர், ஓய்வு) வணக்கமும் ஸ்தோத்திரமும் சொல்லி எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம். சர்க்கரை கட்டுக்குள் உள்ளது. பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும்.

புத்தகச் செய்தி கண்டு மிக்க மகிழ்ச்சி. தாங்கள் இந்தப் பெருமைக்கு என்றோ உரியவர்.

நிற்க. மேற்படி மேடை சம்பந்தமாகச் சும்மா ஒரு யோசனை. தற்போது எல்லா வீட்டிலும் கிரானைட் போடுகிறார்கள். நம் மேடையில் எறும்புத் தொல்லையும் உள்ளது. எப்படியும் வேலை என்று வந்துவிட்டால், உயரத்தையும் ஒரு சாண் குறைத்துக்கொள்ளலாமா என்று ஒரு எண்ணம். இப்போது குட்டையான மேடைதான் நாகரிகம் என்று சொல்கிறார்கள். வேறு காரணம் எதுவும் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். அன்னத்தாய் தங்களை மிகவும் விசாரித்தாள்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
ஐயாதுரை


ராஜபாளையம்,
27.1.2025

தம்பி ஐயாதுரைக்கு, அக்காள் எழுதுவது. சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் அன்னத்தாய் சுகமா?

மேடைக்கு எறும்பு வந்தால் மேடையை இடிப்பாயா? கொசு வந்தால் கூரையைப் பிரிப்பாயா? மஞ்சள் பொடி தூவு, போய்விடும். கிரானைட் வேண்டுமென்றால் கல்லறையில் போட்டுக்கொள்ளலாம், அங்கே நன்றாக இருக்கும்.

குட்டை மேடை நாகரிகமாம். முழங்கைக்கு ஏதடா நாகரிகம்? அது தோளிலிருந்து எங்கே தொங்கவேண்டுமோ அங்கேதான் தொங்கும். அந்த மேடையைப் பார்க்க அந்தக் காலத்தில் கிருஷ்ணன்கோவிலிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். உன் கல்யாணத்தன்று உன் மாமியாரே, "இப்படி ஒரு அடுப்படி எம் மகளுக்குக் கெடைக்க அவ குடுத்துவச்சவ" என்று சொன்னாள். அந்தக் குடும்பம் உண்மை பேசிய ஒரே நாள் அது.

தொடாதே.

அக்காள்,
பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
21.2.2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது. நான் சுகம். முட்டி எப்படி உள்ளது?

ஒரு துக்கமான செய்தி. கடந்த வெள்ளிக்கிழமை காலை சுமார் ஏழு மணியளவில் மேற்படி அன்னத்தாய் குளியலறையில் கால் வழுக்கி விழுந்ததில், வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு ஏற்பட்டு, மாவுக்கட்டு போடப்பட்டுள்ளது. ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று டாக்டர் கூறியுள்ளார். தற்போது சாப்பாடு ஹோட்டலிலிருந்து வருகிறது. கவலைப்படும்படி இல்லை. இது காரணமாகவே பதில் தாமதம்.

மேலும், மேடை உயரமாக இருப்பது வீட்டுக்கு ஆகாது என்று ஒரு வாஸ்துக்காரர் அபிப்பிராயப்படுகிறார். நாம் வேதக்காரர்கள், அதையெல்லாம் பார்ப்பதில்லை. இருந்தாலும் தகவலுக்காகத் தெரிவிக்கிறேன்.

தங்கள் தம்பி,
ஐயாதுரை


ராஜபாளையம்,
24.2.2025

தம்பிக்கு, அக்காள் எழுதுவது.

அன்னத்தாய் கை முறிந்தது கேட்டு எனக்கு அன்றைக்கு முழுதும் சோறு இறங்கவில்லை. சத்திரப்பட்டியிலிருந்து நல்ல பேண்டேஜ் துணி ஒரு கட்டு வாங்கி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மாவுக்கட்டு பிரித்த பிறகு அதைச் சுற்றிக்கொள்ளட்டும். கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துத் தூங்கச் சொல்.

இப்போது உன் விஷயம். அவள் விழுந்தது குளியலறையில் இல்லை.

அந்தக் குளியலறையைக் கட்டியவள் நான். தரையில் போட்டது கொத்திய கல். தண்ணீர் நிற்காதபடி வாட்டம் வைத்து, வாளி வாளியாக ஊற்றி நானே பார்த்தேன். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற அன்றைக்கும் அதில் வழுக்காது. அங்கே வழுக்கி விழ வேண்டுமென்றால் அதற்குத் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும். நீ சர்வீஸில் எழுதிய எஃப்.ஐ.ஆர். எல்லாம் இந்த லட்சணம்தானா?

அடுத்த கடிதத்தில் படியில் விழுந்தாள் என்று எழுதிவிடாதே. என் படி ஆறு அங்குலத்துக்குமேல் ஏறாது. கைக்குழந்தை கூட அதில் தவழ்ந்து இறங்கும். மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவர் இடுப்புக்குமேல். நிலைப்படியை நான் தூக்கிவைக்கவே இல்லை. அந்த வீட்டில் ஒரு மனுஷி விழுவதற்கு நான் இடமே விடவில்லை. எங்கே விழுந்தாள்?

செலினா தேதி சொல்லிவிட்டாள். ஏப்ரல் 26, சனிக்கிழமை.

அக்காள்,
பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
14.3.2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது. பார்சல் கிடைத்தது. அன்னத்தாய் நன்றி சொல்லச் சொன்னாள். வலி குறைந்துள்ளது.

தாங்கள் கேட்ட விவரம் தீர விசாரிக்கப்பட்டது. அவள் விழுந்தது தெருவில். தெரு தாங்கள் கட்டியது இல்லை.

தங்கள் தம்பி,
ஐயாதுரை


ராஜபாளையம்,
17.3.2025

ஐயாதுரை,

சுகம், சுகம், எல்லாரும் சுகம்.

நேற்று ஆராதனை முடிந்து வருகிறேன், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சந்தனம் கொத்தனார் எதிரே வந்தார். என் வீடுகளுக்குக் கொத்து வேலை பார்த்தவர். "ஏக்கா, தம்பி வீட்டு மேடைய ஒரு சாண் எறக்கணும்னு கூப்ட்டாவளே, நீங்க சொல்லித்தான?" என்றார். "எப்ப?" என்றேன். "ஈஸ்டருக்கு முந்தி முடிச்சிரணுமாம். 'அக்காட்ட சொல்லிராதீரும்'னு வேற சொன்னாவ." அதைச் சொல்லும்போதுதான் தான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. பொறவு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தெருவில் விழுந்தவளுக்கு அடுப்படியை ஏன் உடைக்கிறாய்? தெருவை அல்லவா உடைக்க வேண்டும்?

நான் உன்னிடம் இதுவரை எதுவும் கெஞ்சிக் கேட்டதில்லை. இப்போதும் கெஞ்சவில்லை, சொல்கிறேன். சாரம் ஏறும்போது சேலையில் ஊக்கு குத்திக்கொண்டு ஏறியிருக்கிறேன். கீழே நின்று பார்த்த பயல்கள் மேல் ஒரு சட்டி கலவையைக் கொட்டியிருக்கிறேன், தவறி அல்ல. பொம்பளை போட்ட வீடு முதல் மழைக்கே ஒழுகும் என்று சொன்னவன் வீட்டுக்கு மழையில் போய், அவன் வீடு ஒழுகுவதைப் பார்த்துவிட்டு வந்தேன். அத்தனைக்கும் மிச்சமாக உலகத்தில் என் கையில் இருப்பது அந்த ஒரு மேடை. அது போனால் பரிபூரணம் என்று ஒருத்தி பிளான் போட்டாள் என்பதும் போச்சு. மலைச்சாமி கையெழுத்து மட்டும் நிற்கும்.

காரணம் சொல். இல்லாவிட்டால் சந்தனத்தை உள்ளே விடாதே.

பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
25.3.2025

அன்புள்ள மதினிக்கு அன்னத்தாய் எழுதுவது. இடது கையால் எழுதுகிறேன், எழுத்து ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள். அவியளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

நான் பலகையிலிருந்து விழுந்தேன்.

கல்யாணமாகி வந்த மறுநாள் அடுப்படிக்குப் போனேன். மேடை என் நெஞ்சுக்கு இருந்தது. சட்டிக்குள் என்ன கொதிக்கிறது என்று எட்டித்தான் பார்க்க முடிந்தது. அவியளிடம் சொன்னேன். "அக்காட்ட சொல்லிராத அன்னம், அளந்து அளந்து போட்டது, மனசு விட்டுருவா" என்றார்கள். வீடு கட்டும்போது மிஞ்சின சென்ட்ரிங் பலகை கொல்லையில் கிடந்தது. அதை இரண்டு செங்கல்மேல் போட்டு ஏறி நின்றேன். அன்றிலிருந்து அதன்மேல்தான் சமையல். உப்பு எடுக்க இறங்கணும், பொறவு ஏறணும். வயசில் தெரியவில்லை. இப்போது கால் சொல்கிறது.

நீங்கள் வரும்போதெல்லாம் பலகையை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவிடுவேன். நீங்கள் இருக்கிறவரை அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன். அதனால்தான் உங்களுக்கு எப்பவும் ஹோட்டல் புரோட்டா. எனக்குச் சமைக்கத் தெரியாது என்று நீங்கள் சொந்தக்காரர்களிடம் சொன்னது என் காதுக்கு வந்தது. பரவாயில்லை.

மேடையை இடிக்க வேண்டாம் மதினி. சந்தனத்தை நானே திருப்பி அனுப்பிவிட்டேன். உங்கள் பேர் அதில்தான் இருக்கிறது என்று எழுதியதை அவிய வாசித்துக் காட்டினார்கள். கை சரியானதும் மறுபடி ஏறிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகள் வீடு முழுக்கச் சுற்றிப் பார்க்குமே, அன்றைக்குப் பலகையை எங்கே ஒளிக்க?

உங்கள் முட்டிக்காக ஜெபிக்கிறேன்.

அன்னத்தாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
9.4.2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது. தங்களிடமிருந்து மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. தாங்கள் கேட்ட காரணத்தை நான் எழுதாததற்குத் திட்டி ஒரு வரி கூட வரவில்லை. உடம்புக்கு என்ன? எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்னத்தாயிடம் கேட்டால், "வரும், வரும்" என்கிறாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று விசாரித்தேன். பதில் சொல்ல மறுக்கிறாள்.

தயவுசெய்து திட்டி எழுதவும்.

தம்பி,
ஐயாதுரை


ராஜபாளையம்,
12.4.2025

தம்பி ஐயாதுரைக்கும் அன்னத்தாய்க்கும் பரிபூரணம் எழுதுவது. நான் சுகம். இடது முட்டியும் இப்போது என்னோடு பேசுவதில்லை. அதை விடு.

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம், வேலை இருந்தது. அன்னத்தாய் கடிதம் வந்தது. உனக்குத் தெரியாமல் எழுதினாள். அதற்காக அவளை ஒரு வார்த்தை கேட்டாய் என்றால் தெரியும்.

பரணிலிருந்து பழைய பிளானை இறக்கிப் பார்த்தேன். மேடை உயரத்தைப் பார்த்தேன். எங்கே தப்பு என்று தேடினேன். என் பக்கம் தப்பு இல்லை.

முறை என்ன? யார் நடந்து பார்க்கிறாரோ அவர் முழங்கைக்கு நாலு விரல் கீழே. யார் நடந்தது? நீ. உன் முழங்கையைத்தான் அளந்தேன், வெள்ளத்தாய் சாட்சி. மேடை உனக்கு மயிரிழை பிசகாமல் பொருந்தும். சந்தேகமிருந்தால் இப்போதே போய் நின்று பார். ஆகவே மேடை சரி, பிளான் சரி. தப்பு எங்கே இருக்கிறதென்றால், அதன் முன்னால் நின்ற ஆளில் இருக்கிறது. உன் அளவுக்குப் போட்ட மேடையில் அவளை ஏற்றிவிட்டு, நீ நாற்பது வருஷம் முன் அறையில் பேப்பர் படித்திருக்கிறாய்.

வீட்டை உபயோகிக்கத் தெரியாதவனுக்கு வீடு போட்டுக்கொடுத்ததுதான் நான் பட்ட நஷ்டம்.

வரும் திங்கட்கிழமை முதல் அந்த அடுப்படியில் நீ சமைப்பாய். தோசை திருப்ப உனக்குத் தெரியும், நான் பார்த்திருக்கிறேன். அன்னத்தாய்க்கு முன் அறையிலிருக்கும் நாற்காலியை எடுத்துவந்து அடுப்படி வாசலில் போடு. அவள் சொல்லச் சொல்ல நீ செய். மேடையில் ஒரு செங்கல் நகரக் கூடாது.

அன்னத்தாய், பலகையை ஒளிக்க வேண்டாம். புரோட்டா விஷயம் நான் சொன்னதுதான். சொந்தக்காரர்களிடம் மறுபடி பேசிக்கொள்கிறேன்.

பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
29.4.2025

மரியாதைக்குரிய அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது. விரலில் இரண்டு தீக்காயம் தவிர நான் சுகம். அன்னத்தாய் மிகவும் சுகம்.

சனிக்கிழமை தாங்கள் காலேஜ் பஸ்ஸில் நம் தெருவரை வந்தும், தகர ஷீட்டைக் காரணம் காட்டி வீட்டுக்குள் வராமல், வெள்ளத்தாயம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எதிர்ப்பக்கமிருந்தே மாணவிகளுக்குப் பாடம் நடத்தினீர்கள். ஆகவே உள்ளே நடந்தது தங்களுக்குத் தெரியாது. உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

தங்கள் உத்தரவுப்படி இரண்டு வாரமாக நான்தான் சமையல். முதல் நாள் கஞ்சி. இரண்டாம் நாளும் கஞ்சி, ஆனால் அது சோறாக ஆரம்பித்தது. அன்னத்தாய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "புளிய கரைச்சாச்சா? கரைச்சத வடிகட்டுனீகளா? வடிகட்டாமயா ஊத்துதீக?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். என் சர்வீஸில் எந்த இன்ஸ்பெக்டரும் என்னை இப்படி நிற்க வைத்ததில்லை.

செலினா டீச்சர் மாணவிகளை அடுப்படிக்கு அழைத்துவந்து, பெண்ணின் முழங்கையை அளந்து மேடை போட்டவர் தாங்கள் என்று விளக்கினார். அன்னத்தாயை மேடை பக்கத்தில் போட்டோவுக்கு நிற்கச் சொன்னார். அவள் போய் நின்றாள். யுவராணி என்று ஒரு பெண், வாய் சும்மா இருக்கவில்லை. "ஆன்ட்டி, இது ஒங்களுக்கு நெஞ்சு வரைக்கும்லா வருது?" என்றாள்.

டீச்சர் முகம் வாடிவிட்டது. தெருவில் தங்கள் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது அக்கா. உங்கள் புத்தகம் அந்த இடத்திலேயே முடிந்தது என்று நினைத்தேன்.

அன்னத்தாய் அசரவில்லை. "எனக்கு எதுக்கும்மா இது? இது அவியளுக்குப் போட்ட மேடை. இந்த வீட்ல அவியதான் சமையல்" என்றாள். என்னைப் பார்த்து, "என்ன முழிக்கீக? ரசம் பொங்குது, போயி நில்லுங்க" என்றாள். நான் போய் நின்றேன். யுவராணி டேப் வைத்து அளந்தாள். முழங்கைக்கு நாலு விரல் கீழே. மயிரிழை பிசகவில்லை.

எல்லாப் பிள்ளைகளும் கை தட்டினார்கள். "எண்பத்து நாலுல, ஒரு ஆம்பள சமைக்கதுக்குன்னு அளந்து அடுப்படி போட்டுருக்காங்க! இத நான் எங்கயும் பாத்ததே இல்ல" என்று டீச்சர் எழுதி எழுதிக் கை ஓயவில்லை. புத்தகத்தில் இதுதான் முதல் அத்தியாயமாம். நான் ரசம் கிண்டுவதை ஒரு பிள்ளை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டது. அன்று சாயங்காலமே பழைய ஸ்டேஷன் ஆட்கள் எல்லாம் போன் பண்ணுகிறார்கள். "ஏட்டையா, இன்னைக்கு என்ன கொழம்பு?" என்கிறான், எனக்குக் கீழ் வேலை பார்த்த பயல்.

இன்னொன்று. டீச்சர் சொன்னார், இம்மாதத் தொடக்கத்தில் அவர் தங்கள் வீட்டுக்கு வந்தபோது, தாங்கள் அடுப்படியில் இரண்டு செங்கல்மேல் பலகை போட்டு, அதன்மேல் நின்று சமைத்துக்கொண்டிருந்தீர்களாம். காலையிலிருந்து ஏறி இறங்கிக்கொண்டிருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்களாம். எதற்கு அக்கா? உங்கள் மேடை உங்கள் அளவுதானே?

தகர ஷீட்டை நேற்றுக் கழற்றிவிட்டேன். வண்டி நனைகிறது.

தங்கள் தம்பி,
ஐயாதுரை


ராஜபாளையம்,
5.5.2025

பிரியமுள்ள அன்னத்தாய்க்கு பரிபூரணம் எழுதுவது. கைக்கு பேண்டேஜ் சுற்றுகிறாயா? சுடுதண்ணீரில் விரல்களை மடக்கி மடக்கிப் பார்.

தம்பி கொடுத்துவிட்ட ரசம் வந்தது. காலேஜ் பஸ்ஸில் சிந்தினது போக மிச்சம் குடித்தேன். உப்பு அதிகம். அவனிடம் சொல்லாதே, விட்டுவிடுவான்.

ஆண்களுக்கு அடுப்படி போட்ட முதல் ஆள் நான் என்று செலினா எழுதுகிறாள். எழுதட்டும், உண்மைதானே. இந்தப் பக்கத்தில் வேறு யார் போட்டார்கள்?

அவன் கடைசியில் ஏதோ கேட்டிருந்தான். அதற்குப் பதில் இல்லை.

பஞ்சவர்ணம் மாம்பழம் ஒரு பெட்டி அனுப்புகிறேன். அவனுக்கு ஒரு துண்டுக்குமேல் கொடுக்காதே. தகர ஷீட் கழற்றிய இடத்தில் ஆணி ஓட்டை இருக்கும், சிமெண்ட் வைத்து அடைக்கச் சொல். பார்க்க வருவேன்.

ஒரு சின்ன காரியம். நேராக நின்று, கையை மடக்கி, தரையிலிருந்து உன் முழங்கை எவ்வளவு உயரம் என்று யாரையாவது அளக்கச் சொல்லி எனக்கு எழுது. உன் அடுப்படியில் கொல்லைப்பக்க ஜன்னல் கீழே இரண்டு ஆள் நிற்க இடம் இருக்கிறது, நான் பிளானில் பார்த்தேன். வேறு ஒன்றுமில்லை. எதற்கு என்று கேட்காதே.

உன் மதினி,
பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
12.5.2025

அன்புள்ள மதினிக்கு அன்னத்தாய் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. வலது கையால் எழுதுகிறேன். மாம்பழம் வந்தது. அவியளுக்கு ஒரு துண்டுதான் கொடுத்தேன். இன்னொரு துண்டு திருடித் தின்றதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அன்றைக்கு மீன்குழம்பு நன்றாக வைத்திருந்தார்கள்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் மதினி. நீங்கள் கேட்டீர்களே, அது போதும்.

ஆனால் எனக்கு மேடை வேண்டாம். உட்கார்ந்து சொல்லிப் பழகிவிட்டது, இனிமேல் நிற்க முடியாது. ஒரே ஒரு குறை. இந்த நாற்காலி அவியளுக்கு வாங்கினது, உயரம் அதிகம். எனக்குக் கால் தரையில் எட்டவில்லை. பழைய பலகையைத்தான் எடுத்துக் காலடியில் போட்டிருக்கிறேன்.

நீங்கள் வரும்போது டேப் கொண்டுவாருங்கள். முழங்கையை விட்டுவிட்டு, முட்டியை அளங்கள்.

இப்படிக்கு,
அன்னத்தாய்